வீடு மாறிய கணக்கு

அரசு அலுவலகத்தில் 34 வருடம் கணக்குப் பார்த்தவன் நான். அதில் 11 வருடம், மாற்றலாகிப் போகிறவர்களின் பயணப்படி பில்லைச் சரிபார்க்கும் வேலை. லாரி வாடகை எவ்வளவு, எத்தனை கிலோமீட்டர், ரசீது இருக்கிறதா என்று பார்த்து, இல்லாததைச் சிவப்பு மையில் வெட்டுவேன். ஆகவே 2018இல் நாங்களே சென்னை நங்கநல்லூரிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு வீடு மாறுவது என்று முடிவானபோது, செலவுக் கணக்குப் போடும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன்.

பழைய டைரியில் அழகாக எழுதினேன். லாரி 16,000. ஏற்றி இறக்கும் கூலி 6,000. அட்டைப்பெட்டி, சாக்கு, கயிறு 1,500. எங்கள் ரயில் டிக்கெட், வழிச் சாப்பாடு 1,500. பால் காய்ச்ச 1,000. எதிர்பாராத செலவு 2,000. ஆக மொத்தம் 28,000 ரூபாய். கீழே இரட்டைக் கோடும் போட்டாயிற்று.

புது வீட்டு அட்வான்ஸ் 50,000. அதைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. நங்கநல்லூர் வீட்டு ஓனரிடம் நாங்கள் கொடுத்த அட்வான்ஸ் 80,000 இருந்தது. அதை வாங்கி இதைக் கொடுத்தால் 30,000 கையில் நிற்கும். மாறும் செலவும் அதிலேயே முடிந்துவிடும் என்பது என் கணக்கு.

என் மனைவி டைரியைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "ஏங்க, அந்த 80,000 எப்ப வரும்?"

"சாவியைக் கொடுத்தா பணம் வரப் போகுது. இதெல்லாம் எனக்குத் தெரியாதா?" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்தே இருந்தது. அவள் அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

ஆடி பிறந்தால் குடி போக முடியாது. ஆவணி வரை புது வீட்டுக்காரர் காத்திருக்க மாட்டார். அதனால் ஆனி முடிவதற்குள், ஜூலை முதல் வாரம் நாள் பார்த்தோம். பழைய வீட்டுக்கு ஜூலை கடைசி வரை நோட்டீஸ் கொடுத்திருந்ததால் அந்த மாத வாடகை 14,000 கட்டியாக வேண்டும். புது வீட்டுக்கும் ஜூலை வாடகை உண்டு. ஒரே மாதத்தில் இரண்டு வாடகை. என் டைரியில் இதற்கு வரியே இல்லை.

ஜூன் கடைசியில் ஓனரைப் பார்க்கப் போனேன். நல்ல மனிதர்தான். காபி கொடுத்துவிட்டு, "புது ஆள் வந்து அட்வான்ஸ் கொடுத்ததும் உங்களுதைக் கொடுத்துடறேன் சார். ஆடியில யாரும் வர மாட்டாங்க, ஆவணியில வந்துடுவாங்க" என்றார். பெயிண்ட் அடிக்க ஒரு மாத வாடகை பிடிப்பது வழக்கம் என்றும் சொன்னார். கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதானே, அதனால் கடைசி ரீடிங் எடுத்த பிறகுதான் கணக்கு முடிப்பேன் என்றார். ஒப்பந்தத்தில் பணம் எப்போது திரும்ப வரும் என்று ஒரு வரிகூட இல்லை. அதில் கையெழுத்துப் போட்டவனும் நான்தான்.

ஜூலை 1ஆம் தேதி 50,000 கொடுக்க வேண்டும். ஓய்வுபெற்றபோது வந்த பணத்தில் பெரும்பகுதி பெண்ணின் கல்யாணக் கடனுக்குப் போய்விட்டது. மிச்சம் 5 லட்சம் முதியோர் சேமிப்புத் திட்டத்தில் இருந்தது. அதிலிருந்து தேவையானதை மட்டும் எடுக்க முடியாது. கணக்கையே முடிக்க வேண்டும். போட்டு இரண்டு வருடம் ஆகாததால் முதலில் ஒன்றரை சதவீதம் பிடிப்பார்கள். அதாவது 7,500 ரூபாய். இரண்டு நாள் தூக்கமில்லை. பிள்ளையிடம் கேட்க மனம் வரவில்லை.

மூன்றாம் நாள் காலை என் மனைவி கையிலிருந்த இரண்டு வளையல்களையும் கழற்றி, காபி டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தாள். மூன்று பவுன். "டெபாசிட்டை உடைச்சா 7,500 போகும். இதை பேங்க்ல வச்சா ரெண்டு மூணு மாச வட்டி ஆயிரத்துச் சொச்சம்தான். ஆவணியில மீட்டுக்கலாம்" என்றாள். அவள் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். என்னை ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. அதுதான் அதிகம் வலித்தது.

மற்றச் செலவுகளும் சும்மா இருக்கவில்லை. ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீடு இருந்த சந்துக்குள் லாரி நுழையவில்லை. சாமான்களைக் குட்டி யானை வண்டியில் மாற்றி இரண்டு நடை அடித்ததில் 2,400. பீரோவையும் ஃபிரிட்ஜையும் குறுகலான மாடிப்படியில் ஏற்றக் கூடுதல் கூலி 2,000. ஃபேன், கீசர் மாட்ட எலக்ட்ரீசியன், பிளம்பர் 2,300. சிலிண்டரைச் சென்னையிலேயே ஒப்படைத்துவிட்டோம். புது இணைப்பு வரும் வரை சமைக்க மின்சார அடுப்பு 2,200. பழைய திரை எந்த ஜன்னலுக்கும் பொருந்தாததால் புதுத் திரை, கம்பி, பூட்டு 2,100. இரட்டை வாடகையையும் சேர்த்தால் 28,000 என்று போட்டது 51,000த்தில் வந்து நின்றது.

குட்டி யானைக்காரர் ரசீது எதுவும் தரவில்லை. அப்போதுதான் ஒரு பழைய முகம் நினைவுக்கு வந்தது. விழுப்புரத்திலிருந்து மாற்றலாகி வந்த ஓர் இளநிலை உதவியாளர். லாரி தெருவுக்குள் வராததால் மாட்டு வண்டி வைத்ததாக 180 ரூபாய் எழுதியிருந்தார். ரசீது இல்லை என்று வெட்டினேன். "சார், மாட்டு வண்டிக்காரர் எங்கே சார் ரசீது கொடுப்பார்?" என்று கேட்டார். விதியைக் காட்டினேன். விதிப்படி நான் செய்தது சரிதான். ஆனால் அந்த 180 ரூபாயை அவர் அந்த மாதம் எங்கே புரட்டியிருப்பார் என்று நான் யோசித்ததே இல்லை.

பழைய ஓனர் சொன்ன சொல் தவறவில்லை. செப்டம்பரில் பெயிண்டுக்கு 14,000, கரண்டுக்கு 1,400 போக 64,600 அனுப்பினார். அன்றே போய் வளையல்களை மீட்டேன்.

வீடு மாறப் போகிற நண்பர்களுக்கு நான் சொல்வது இதுதான். செலவுப் பட்டியல் எல்லோரும் போடுவார்கள். பக்கத்தில் "எப்போது" என்று இன்னொரு பத்தியும் போடுங்கள். பணம் எந்தத் தேதியில் போகிறது, எந்தத் தேதியில் வருகிறது என்று எழுதுங்கள். பழைய அட்வான்ஸ் வராமலே புது அட்வான்ஸைக் கொடுக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டம், வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாதபோது மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்கிறது. ஆகவே ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் முக்கியம். அட்வான்ஸ் திரும்ப வரும் நாளையும், பெயிண்டுக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் அதில் எழுதச் சொல்லுங்கள்.

போன வருடம் மாடி ஏற முடியாமல், அதே ஸ்ரீரங்கத்தில் தரைத்தள வீடு ஒன்றுக்கு மாறினோம். டைரியை எடுத்து முதலில் அவள் கையில்தான் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "எப்ப?" என்று தலைப்புப் போட்டு எழுத ஆரம்பித்தாள். இந்த முறை வளையல் அவள் கையிலேயே இருந்தது.