பொறந்த எஞ்சினா, வந்த எஞ்சினா?

திருவேங்கடத்தில் ஒரு சம்சாரி வீட்டில் 1968-ம் வருட அம்பாசிடர் கார் ஒன்று இருந்தது. பருத்தி கைவிட்ட ஒரு வருடம் அதை விற்றுவிட்டார்கள். அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த மகனுக்கு இப்போது வயது அறுபது. அதே கார், அதே நம்பரோடு, கோவில்பட்டி பக்கம் ஒரு தோட்டத்துக் கொட்டகையில் நிற்கிறது என்று தகவல் வந்ததும் மனுஷருக்குத் தூக்கம் போய்விட்டது. அட்வான்ஸ் பணத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தெரிந்த மெக்கானிக் ஒருவரையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

விற்பவர் எடுத்த எடுப்பிலேயே சொன்னார்: "எல்லாம் ஒரிஜினல் அண்ணாச்சி. ஆர்.சி.யில இருக்க எஞ்சின் நம்பரும் வண்டியில இருக்கதும் ஒண்ணுதான். நீங்களே பாத்துக்கிடுங்க."

பார்த்தார்கள். ஒன்றுதான். மெக்கானிக் பானெட்டைத் தூக்கி ஒரு நிமிஷம்கூடப் பார்க்கவில்லை. "நம்பர் சரிதான் அண்ணாச்சி. ஆனா இது பொறந்த எஞ்சின் இல்ல, வந்த எஞ்சின்."

எப்படி என்கிறீர்களா? ஸ்பார்க் பிளக் இல்லை, டிஸ்ட்ரிப்யூட்டர் இல்லை. டீசல் பம்ப் இருந்தது! 1968-ல் அம்பாசிடர் பெட்ரோலில் மட்டும்தான் வந்தது. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தானே டீசல் அம்பாசிடர் விற்க ஆரம்பித்தது 1980 வாக்கில்தான். ஆர்.சி.யை மறுபடி பார்த்தால் அதிலும் எரிபொருள் டீசல் என்றே இருந்தது. யாரோ நடுவில் எஞ்சினை மாற்றி, ஆர்.டி.ஓ. ஆபீசில் முறையாகப் பதிந்தும் இருக்கிறார்கள். ஆக, விற்பவர் பொய் சொல்லவில்லை. அவர் சொன்னது ஒரு உண்மை, வாங்க வந்தவர் கேட்டது வேறொரு உண்மை.

இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். கணக்குப் புத்தகத்தில் உள்ள இருப்பும் குடோனில் உள்ள சரக்கும் ஒத்துப்போனால் இன்றைய கணக்கு சரி என்றுதான் அர்த்தம். முதல் நாள் வந்து இறங்கிய சரக்கு இதுதான் என்பதற்கு அது சாட்சி ஆகாது. ஆர்.சி.யும் அப்படித்தான். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவுப்படி அனுமதி வாங்கி எஞ்சினை மாற்றினால் புது எண் ஏறிவிடும், பழைய எண் போய்விடும். பழைய காகித ஆர்.சி. புக்கிலாவது மாற்றங்களைப் பக்கங்களில் எழுதி முத்திரை குத்தியிருப்பார்கள். இப்போதைய அட்டையில் அந்தக் கதை எல்லாம் கிடையாது. (பழைய புக்கை யாராவது வைத்திருந்தால் தயவு செய்து தூக்கிப் போடாதீர்கள்.)

மாற்றியவர்களைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. அந்தக் காலத்தில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் இருந்த விலை வித்தியாசம் அப்படி. வாடகைக்கு ஓடிய எத்தனையோ அம்பாசிடர்கள் மெட்டடார் வேனின் டீசல் எஞ்சினை ஏற்றிக்கொண்டு இன்னும் பல வருடம் சோறு போட்டன. பழைய எஞ்சினைப் பத்திரப்படுத்த வேண்டும் என்று அன்றைக்கு யார் நினைத்தார்கள்?

டீசல் என்றால் கண்டுபிடிப்பது சுலபம். பெட்ரோலுக்குப் பெட்ரோலே மாற்றியிருந்தால்தான் வில்லங்கம். முதலில் வந்த அம்பாசிடரில் இருந்தது 1476 சிசி சைடு வால்வ் எஞ்சின். 1959-லேயே அது போய் 1489 சிசி ஓவர்ஹெட் வால்வ் எஞ்சின் வந்துவிட்டது. இது பிரிட்டனின் பி.எம்.சி. கம்பெனியுடைய பி-சீரிஸ். 1990-களில் இசுசு 1817 சிசி. ஆகவே 1958 வண்டி என்று சொல்லி, தலையில் ராக்கர் கவரோடு ஒரு எஞ்சினைக் காட்டினால் நம்பரே பார்க்க வேண்டாம், கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம்.

நம்பர் பொறித்த விதத்தையும் பார்க்க வேண்டும். பிரிட்டனில் எம்.ஜி.பி. கார்களின் பி-சீரிஸ் எஞ்சினில் எண் ஒரு சின்னத் தகட்டில் இருக்கும். அதை பிளாக்கில் ரிவெட் அடித்திருப்பார்கள். தகட்டைக் கழற்றி இன்னொரு பிளாக்கில் அடிப்பது பெரிய வித்தையா என்ன! அமெரிக்காவில் செவர்லே கார்வெட் பிரியர்கள் இன்னும் ஒரு படி மேலே போகிறார்கள். எண் பொறித்த இடத்தில், தொழிற்சாலை மெஷின் இழுத்த மெல்லிய இணைகோடுகள் இருக்கின்றனவா என்று லென்ஸ் வைத்துப் பார்ப்பார்கள். தேய்த்துவிட்டுப் புது எண் அடித்தால் கோடுகள் போய்விடும். அதோடு பிளாக்கை வார்த்த தேதியும் அதிலேயே குறியீடாக இருக்கும். கார் தயாரான பிறகு வார்த்த பிளாக் அந்தக் காரில் எப்படிப் பிறந்திருக்கும்?

பிரிட்டனில் பழைய தொழிற்சாலைப் பதிவேடுகளைப் பார்த்து, இந்தக் காரோடு வெளியே போன எஞ்சின் எண் இதுதான் என்று ஹெரிடேஜ் சர்டிபிகேட் தரும் அமைப்பு கேடன் என்ற ஊரில் இருக்கிறது. நம் ஊர்ச் சம்சாரிக்கு அந்த வழி இல்லை. அவர் வீட்டில் இருந்தது அப்பாவின் தகரப் பெட்டிதான்.

அன்று அட்வான்ஸ் கொடுக்கவில்லை. சேஸிஸ் நம்பர் மேல் காகிதத்தை வைத்து, பிரேக் இன்ஸ்பெக்டர் ஆபீசில் செய்வது போல பென்சிலால் தேய்த்து எடுத்துக்கொண்டு ஊருக்குத் திரும்பினார். பெட்டியில் பத்திரங்களுக்கு அடியில் பழைய இன்சூரன்ஸ் காகிதம் ஒன்று கிடைத்தது. மடிப்பில் கிழிந்திருந்தாலும் எண்கள் தெளிவு. சேஸிஸ் நம்பர் ஒரு எழுத்து பிசகாமல் ஒத்துப்போனது. பக்கத்திலேயே எஞ்சின் நம்பர். அது வேறு. ஆக, கார் அப்பாவுடையது. எஞ்சின் அப்பாவுடையது இல்லை.

மகன் வேறு கணக்குப் போட்டான். 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, 50 வருடம் தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று பதிந்து 'விஏ' வரிசையில் நம்பர் வாங்கலாம். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடத்துக்குச் செல்லும். ஆனால் சேஸிஸ், பாடி, எஞ்சின் எதுவும் பெரிதாக மாற்றப்படாமல் மூல வடிவில் இருக்க வேண்டும். "டீசல் எஞ்சினோட எப்படிப்பா குடுப்பான்? விலையைக் குறைச்சுக் கேளுங்க, இல்லைனா வேண்டாம்னு சொல்லிருங்க" என்றான்.

விலையைக் குறைத்துக் கேட்டார். கொஞ்சம் குறைந்தது. வாங்கிவிட்டார். பழைய எஞ்சினை என்ன செய்தீர்கள் என்று விசாரித்துக்கொண்டே போனதில், இரண்டு கை முந்தி ஒருவர் மதுரைக்குக் காயலான் கடைக்குப் போட்டதாகச் சொன்னார். எந்தக் கடை என்று அவருக்கு ஞாபகம் இல்லை.

மெக்கானிக் வேறு ஒரு 1489 சிசி எஞ்சின் பார்த்து வைத்திருக்கிறார். "அதே காலத்து எஞ்சின்தான் அண்ணாச்சி, ஏத்திரலாமா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார். இவர் இன்னும் பிடிகொடுக்கவில்லை. பழைய நம்பரை ஒரு சீட்டில் எழுதி ஒர்க் ஷாப் சுவரில் ஒட்டிவிட்டு, மதுரைப் பக்கம் போகிறவர்களிடம் எல்லாம் ஒரு நகல் கொடுத்து அனுப்பிக்கொண்டிருக்கிறார்.