இரு ஏரிகளுக்கிடையே

மலையும் நீரும் பேராதனை மாணவருக்குப் புதியன அல்ல. விடுதிச் சாளரத்தைத் திறந்தால் ஹந்தானை மலை. விரிவுரைக்கு நடந்தால் வழியெல்லாம் மகாவலி. ஆகவே 2024 ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில் நான் சுவிற்சர்லாந்து சென்று மீண்டபோது, “அவ்வளவு தூரம் போய் மலையையும் ஏரியையுமா பார்த்து வந்தாய்?” என விடுதித் தோழியர் நகைத்தனர். அன்று நானும் சிரித்து மழுப்பிவிட்டேன். கூற வேண்டிய விடை சற்று நீளமானது. அதனை இங்கு எழுத முனைகிறேன்.

2009 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், செட்டிகுளம் மனிக் பாம் முகாமில், எமக்குப் பள்ளிக்கூடமாக அமைந்தது ஒரு தறப்பாள் கொட்டகை. எனக்கு அப்போது ஒன்பது வயது. என் இருமருங்கிலும் அமர்ந்திருந்த இரு சிறுமியரும் என் வயதினரே. ஒருத்தி, மரக்கிளையில் தொங்கிய இரும்புத் துண்டை அடித்துப் பள்ளி தொடங்குவதை அறிவிக்கும் உரிமையைத் தனதாக்கிக் கொண்டவள். அவளை ‘மணிக்காரி’ என்றோம். மற்றவள், தண்ணீர்த் தாங்கி வரும்போது வரிசையில் யார் முன், யார் பின், எவருக்கு எத்தனை வாளி என்று பிசகாமல் ஒப்புவிப்பாள், அவள் ‘கணக்கப்பிள்ளை’. மண்ணிற் குச்சியால் ஓயாது எதையேனும் கீறிக்கொண்டிருந்தமையால் எனக்குக் ‘கீறல்’ என்ற பெயர் வாய்த்தது.

எமது நட்புக்கு ஒரு சட்டம் இருந்தது. அதனை இயற்றியவர் எவரென்பது நினைவில் இல்லை. ‘உங்கள் வீட்டில் யார் இல்லை?’ என்ற கேள்வியை ஒருவரையொருவர் கேட்பதில்லை என்பதே அது. முகாமிற் பெரியவர் அனைவரும் அதனையே வினவினர். நிரப்பக் கொடுத்த படிவங்களும் அதனையே வினவின. கேள்விகளின் நடுவே அக்கேள்வி இல்லாத ஓரிடம் எங்களுக்குத் தேவைப்பட்டது. மூவரும் சேர்ந்து இருந்த மூலை அவ்விடமாயிற்று.

பின்னர் முகாமினின்றும் ஊர் திரும்பினோம். 2011 இல் கணக்கப்பிள்ளையின் குடும்பமும், 2013 இல் மணிக்காரியும் அவள் தாயும் சுவிற்சர்லாந்துக்குச் சென்றனர். கடிதம் எழுதும் காலம் கடந்துவிட்டிருந்தது. கைத்தொலைபேசியில் முகம் பார்த்துக் கதைத்தோம். பரீட்சை, பிறந்தநாள், புதுச் சட்டை, பனிமழை என எல்லாம் கதைத்தோம். சட்டம் மட்டும் மீறப்படவில்லை.

என்னை அழைத்தவர்கள் அவர்களே. பொறுப்புக் கடிதம் அனுப்பினர். முதல் விண்ணப்பம் மறுக்கப்பட்டது, இரண்டாவது ஏற்கப்பட்டது. விமானச் சீட்டைக் கணக்கப்பிள்ளை தன் சம்பளத்தில் எடுத்தாள். அது என்னை உறுத்திற்று. என் தாயார் முகமாலையில் கண்ணிவெடி அகற்றும் பணியில் உள்ளார். முகத்தை மூடும் கவசம் அணிந்து, முழந்தாளிட்டு, சிறு கருவிகளால் மண்ணைச் சுரண்டிச் சுரண்டி நாளொன்றுக்குச் சில சதுர மீற்றர் நிலத்தைத் துப்புரவாக்கும் வேலை அது. அவ்வுழைப்பிலேயே நான் பல்கலைக்கழகம் வந்தேன். அவருடைய பல மாதச் சம்பளத்துக்கு ஈடான சீட்டொன்றைக் கையில் வைத்துக்கொண்டு விடுமுறைக்குப் புறப்படுவது எனக்கு எளிதாயிருக்கவில்லை. “கூப்பிடுற பிள்ளையளைக் கவலைப்படுத்தாதை, போட்டு வா” என்று கூறி, பனங்கட்டிக் குட்டான் இரண்டையும் ஒடியல் மாவையும் அம்மாவே பொதி செய்து தந்தார்.

பிறியன்ஸ் என்னும் ஊரில் நான்கு நாளுக்கு ஒரு சிறு மரவீட்டை வாடகைக்கு எடுத்திருந்தனர். மணிக்காரி தூண் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளராகப் பணி புரிகிறாள். கணக்கப்பிள்ளை, பெயருக்கு ஏற்ப, ஒரு நிறுவனத்தின் கணக்குப் பகுதியில் வேலை பார்க்கிறாள். இருவரும் தம்முட் பேசும்போது பேர்ண் வட்டார யேர்மன் மொழி தானாக வந்துவிடும். என்னைக் கண்டதும் வெட்கி நிறுத்திவிடுவர். முதலிரு நாளும் எம் மூவருக்குமிடையே ஒருவகை மரியாதை புகுந்திருந்தது. பழைய நண்பர்கள் மரியாதை காட்டத் தொடங்குவது போன்ற துன்பம் வேறில்லை.

இரண்டாம் நாள் ஹார்டர் குல்ம் என்னும் மலைமுகட்டுக்கு ஏறினோம். அதன் உயரம் 1,322 மீற்றர். 1908 முதல் கம்பியால் இழுக்கப்படும் வண்டியொன்று அங்கு செல்கிறது. எதிரே ஐகர், மொங்க், யுங்பிறவ் ஆகிய மூன்று சிகரங்களும் வெண்மையாக நின்றன. யுங்பிறவ் 4,158 மீற்றர் உயரமானது. எமது பிதுருதலாகலை 2,524 மீற்றர். அச்சிகரங்களுக்கிடையேயுள்ள கணவாய்க்கு, மலையைக் குடைந்து, 1912 இல் புகையிரதப் பாதையைக் கொண்டு சேர்த்தனர். குடைந்தவர்களிற் பெரும்பாலோர் இத்தாலியிலிருந்து கூலிக்கு வந்தவர்கள். அவ்வண்டியில் ஏறுவதற்கான கட்டணத்தைப் பார்த்ததும் நான் தலையசைத்து மறுத்தேன். கணக்கப்பிள்ளையின் முகம் வாடிற்று.

கீழே, இடப்புறம் பிறியன்ஸ் ஏரியும் வலப்புறம் தூண் ஏரியும், நடுவே இன்ரலாக்கன் நகரும் கிடந்தன. ‘ஏரிகளுக்கிடையே’ என்பதே அந்நகரின் பெயர்ப்பொருள். புவியியல் மாணவியாகிய நான் எனக்குத் தெரிந்ததைக் கூறினேன்: முன்னொரு காலத்தில் இவை ஒரே ஏரி. பனிப்பாறை உருகியபின் பக்கத்து ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மண்ணும் கல்லும் நடுவில் நிறைந்து அதனை இரண்டாக்கின. இன்றும் ஆரெ ஆறு முதலாம் ஏரியில் நுழைந்து, ஊரை ஊடறுத்து, இரண்டாம் ஏரியைச் சேர்கிறது.

“அப்ப தண்ணி ஒண்டுதான்” என்றாள் மணிக்காரி. அதன்மேல் எவரும் எதுவும் பேசவில்லை.

மூன்றாம் நாள் கப்பற் பயணம். 1914 இல் கட்டப்பட்ட ‘லொற்ச்பேர்க்’ என்ற நீராவிக் கப்பல், பக்கச் சக்கரங்கள் சுழல, இன்றும் பிறியன்ஸ் ஏரியில் ஓடுகிறது. நீரின் நிறத்தை எப்படிச் சொல்வேன்! பச்சையும் நீலமும் கலந்து, சிறிது பால் விட்டாற் போலிருந்தது. பனிப்பாறைகள் மலையை அரைத்த நுண்துகளை ஆறுகள் சுமந்து வருவதால் உண்டாகும் நிறம் அது. இசெல்ற்வால்ட் என்னும் சிற்றூரில், கொரிய நாட்டுத் தொலைக்காட்சி நாடகமொன்றில் இடம்பெற்றமையாற் புகழ்பெற்ற ஒரு மரத்துறை உண்டு. அதில் நின்று படம் எடுக்க ஐந்து பிராங் கட்டணம் அறவிடுகின்றனர். “ஐஞ்சு பிராங்குக்கு நான் வீட்டிலை பலகை அடிச்சுத் தாறன்” என்றாள் கணக்கப்பிள்ளை. அன்றுதான் முதன்முறையாக மூவரும் பழையபடி சிரித்தோம்.

அந்தச் சிரிப்பு அடங்குமுன், கைத்தொலைபேசியிற் செய்தி பார்த்துக்கொண்டிருந்த அவளே அதனை வாசித்துக் காட்டினாள். சென்ற நூற்றாண்டில், ஏறக்குறைய 1964 வரை, சுவிஸ் இராணுவம் தன் பழைய வெடிபொருள்களை ஏரிகளிற் கொட்டியது. தூண், பிறியன்ஸ், லுற்சேர்ண் ஏரிகளில் எண்ணாயிரம் தொன் அளவில் அவை கிடக்கின்றன. அவற்றைப் பாதுகாப்பாக வெளியே எடுக்கும் வழிகளைக் கூறுவோருக்கு 50,000 பிராங் பரிசு என்று அரசு அந்த மாதமே ஒரு போட்டியை அறிவித்திருந்தது. 1947 டிசெம்பரில் இப்பகுதியின் மிற்ஹொல்ஸ் என்ற கிராமத்தில் நிலக்கீழ் வெடிபொருட் களஞ்சியமொன்று வெடித்து ஒன்பது பேர் இறந்தனர். அவ்வாறான விபத்துகளுக்குப் பின், தரையில் வைத்திருப்பதிலும் நீரில் போடுவது பாதுகாப்பானது என எண்ணினர். மிற்ஹொல்ஸ் மண்ணுள் எஞ்சியவற்றை அகற்றுவதற்காக, அக்கிராமத்தவர் 2030 அளவில் வீடுகளை விட்டுப் பல ஆண்டுகளுக்கு வெளியேற வேண்டியுள்ளது. நீரைச் சோதித்துப் பார்ப்பதாகவும் இதுவரை மாசு காணப்படவில்லை எனவும் அதிகாரிகள் கூறுகின்றனர்.

கப்பல் சென்றுகொண்டிருந்தது. மேற்றளத்தில் யாரோ ஒரு குழந்தை அன்னங்களுக்கு உரொட்டி எறிந்துகொண்டிருந்தது. நாங்கள் மூவரும் நீரையே பார்த்தோம்.

“என்ரை தம்பிக்கு ஆறு வயசு” என்றாள் மணிக்காரி.

பதினைந்து ஆண்டுகளில் அவள் வாயிலிருந்து ‘தம்பி’ என்ற சொல்லை நான் அன்றே முதன்முறை கேட்டேன். மாத்தளனிலிருந்து வெளியேறும்போது நிகழ்ந்ததை அவள் ஐந்தாறு வாக்கியங்களிற் கூறி முடித்தாள். அவற்றை இங்கே எழுத எனக்கு உரிமையில்லை. இறுதியாகக் கூறியதை மட்டும் எழுதுகிறேன். “எங்கடை முதியோர் இல்லத்திலை ஒருத்தர் செத்தால் வாசலிலை மெழுகுதிரி கொளுத்தி அவற்றை பேரை எழுதி வைப்பம். எத்தினை பேருக்கு நான் எழுதியிருப்பன்! தம்பியின்ரை பேரை ஒருநாளும் ஒரு இடத்திலையும் எழுதேல்லை.”

நான் என் தந்தையாரைப் பற்றிக் கூறினேன். காணாமற் போனோர் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது. அம்மா இன்னும் பொட்டு வைக்கிறார் என்றும் கூறினேன்.

கணக்கப்பிள்ளை மட்டும் பேசவில்லை. கப்பல் கீஸ்பாக் நீர்வீழ்ச்சித் துறையை அணைந்தது. நாங்கள் இறங்கினோம். மலையிலிருந்து படிப்படியாக விழும் அருவி ஏரியிற் கலக்கும் பேரொலியில், அவள் அழுவதை முதலில் நான் உணரவில்லை.

“எங்கடை வீட்டிலை ஒருத்தரும் சாகேல்லை” என்றாள். “ஒருத்தருமே சாகேல்லை. நீங்கள் கேட்டுவிடுவியளோ எண்டு அப்பவே பயந்துகொண்டிருந்தனான். அந்தச் சட்டம் எனக்குத்தான் வசதி. ரிக்கற் எடுத்ததும் அதுக்குத்தான். அந்தக் கணக்கைத் தீர்ப்பம் எண்டு.”

எவரையும் இழக்காததற்கு வெட்கப்பட்டு ஒரு சிறுமி பதினைந்து ஆண்டுகள் வாய்மூடி இருந்திருக்கிறாள். இழந்தவர்களின் துயரத்தை நான் அறிவேன். இழக்காதவர்களுக்கும் அதில் ஒரு சுமை உண்டென்பதை நான் எண்ணியும் பார்த்ததில்லை. கொடுப்பவளின் பெருமை என்று நான் உள்ளூரப் புழுங்கிய அந்த விமானச் சீட்டு, அவளுக்குத் தண்டமாக இருந்திருக்கிறது.

மணிக்காரி அவள் காதைப் பிடித்துத் திருகினாள். முகாமில் வரிசையை விட்டு விலகுபவர்களுக்கு அவள் கொடுத்த அதே தண்டனை. “விசரி! ஒரு வீட்டிலையெண்டாலும் எல்லாரும் இருக்கினம். அது நல்ல காரியமெல்லோ? உன்ரை அம்மா சமைச்சுத் தந்துதானே நாங்கள் ரெண்டு பேரும் அங்கை சாப்பிட்டனாங்கள்.”

உண்மையில் அப்படித்தான். அவள் தாயார் பிசைந்து தந்த பருப்புச் சோற்றை நான் மறந்தே போயிருந்தேன். யார் இல்லை என்ற கேள்வியைத் தவிர்க்கப் போய், யார் இருந்தார்கள் என்பதையும் நாம் பேசாது விட்டுவிட்டோம்.

அன்றிரவு பிறியன்ஸ் வீட்டில் ஒடியற் கூழ் காய்ச்சினோம். மீனுக்கு ஏரி மீன். காரம் அம்மா அனுப்பிய மிளகாய்த்தூள். சாளரத்தில் ஒரு மெழுகுதிரியை ஏற்றி, அதனருகே ஒரு கடதாசித் துண்டில் மணிக்காரி தன் தம்பியின் பெயரை எழுதி வைத்தாள். விடியும்வரை கதைத்தோம். அழுததிலும் சிரித்ததே அதிகம் எனலாம். அச்சிறுவன் பெருங் குழப்படிகாரனாம்.

ஊர் திரும்பியதும் முகமாலைக் காட்சியோடு அந்த ஏரிகளை ஒப்பிட்டுப் பார்த்தேன். இலங்கை 2017 டிசெம்பரில் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. தன் நிலத்தைத் துப்புரவாக்க அதற்குத் தரப்பட்ட காலக்கெடு 2028 யூன். செல்வமும் அமைதியும் மிக்க ஒரு நாடு தன் வெடிபொருள்களைக் கண்காணாத ஆழத்தில் இட்டு மறந்திருக்க, அறுபது ஆண்டுகளின் பின் அவை மீண்டும் பேச்சுக்கு வந்துள்ளன. ஆழத்தில் இட்டதனால் ஒன்று இல்லாது போய்விடுவதில்லை. எடுப்பதற்கான செலவே ஏறுகிறது.

இதனை அம்மாவிடம் விரிவாகக் கூறினேன். அவர் வேலைச் சப்பாத்தின் மண்ணைத் தட்டிக்கொண்டே கேட்டார்.

“எவ்வளவு ஆழத்திலை கிடக்காம்?”

“சில இடத்திலை இருநூறு மீற்றருக்கு மேலை.”

அம்மா சிறிது நேரம் யோசித்தார்.

“பாவங்கள்” என்றார். “எங்கடை கையெட்டுற ஆழத்திலைதானே கிடக்கு. மெல்ல மெல்ல எடுத்திடலாம்.”