கல்யாணத்தோட புனிதத்தை யார் காப்பாத்தணும்?

 ஓம் சரவணபவ.

தாய்லாந்துல 2025 ஜனவரி 23 முதல் ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் சட்டப்படி கல்யாணம் பண்ணிக்கலாம். ஹாட்யாய் நம்ம பினாங்குக்காரங்க பஸ்ல போயிட்டு வர்ற ஊர்தானே, அதனால அன்னதான வரிசையிலயும் இதே பேச்சு. "கலி முத்திப்போச்சு, கல்யாணத்தோட புனிதமே போச்சு"ன்னு பெரியவங்க வருத்தப்படுறாங்க.

அவங்கவங்க நம்பிக்கை அவங்கவங்களுக்கு. நம்ம நாட்டுல முஸ்லிம் அல்லாதவங்களுக்கான 1976-ஆம் ஆண்டு திருமணச் சட்டம், ஒரு ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும்தான் கல்யாணம்னு தெளிவா சொல்லுது. ஆனா புனிதம்னு பேச்சு வந்துட்டதால, தொண்டூழியர்களா நாங்க பாக்குறதையும் சொல்லித்தான் ஆகணும்.

அதே சட்டம் 1982 மார்ச் 1-ல நடப்புக்கு வந்துச்சு. பதிவு செய்யாம கோயில்ல தாலி மட்டும் கட்டினா, சட்டம் அதைக் கல்யாணமா ஏத்துக்காது. இத்தனை வருஷம் ஆகியும், "தாலி கட்டியாச்சு, ரிஜிஸ்டர் அப்புறம் பாத்துக்கலாம்"னு விட்டுடுற குடும்பம் நம்மள்ல இருக்கு. பதிவு இல்லாத கல்யாணத்துல பிறந்த பிள்ளைக்கு அம்மாவோட குடியுரிமைதான் கணக்கு. அம்மா வெளிநாட்டுக்காரங்கன்னா, அப்பா மலேசியரா இருந்தும் பிள்ளைக்குக் குடியுரிமை தானா வராது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ஐசி எல்லாத்துக்கும் அந்தப் பிள்ளை அலையணும். இதுக்கு யாரும் கலி முத்திப்போச்சுன்னு சொல்றதில்ல.

இன்னும் இருக்கு. ரெண்டு குடும்பம் வச்சிருக்கிறவர் உபயக்காரரா முன்னால வந்து நின்னா மாலை போடுறோம். புருஷன்கிட்ட அடி வாங்கி அழுதுட்டு வர்ற பொண்ணுகிட்ட, "அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மா"ன்னு விபூதி பூசி அனுப்புறோம். கல்யாணப் பொண்ணுக்கு அலங்காரம் பண்ண திருநங்கையைக் கூப்பிடுறோம், பந்தியில பக்கத்துல உக்கார மட்டும் யோசிக்கிறோம்.

தமிழ்நாட்டுல நடந்ததைப் பாருங்க. 2018 அக்டோபர் 31-ல தூத்துக்குடி கோயில் ஒண்ணுல ஒரு ஆணும் ஒரு திருநங்கையும் தாலி கட்டிக்கிட்டாங்க. பதிவு அலுவலகம் பதிய மறுத்துச்சு. அவங்க மதுரை உயர் நீதிமன்றக் கிளைக்குப் போனாங்க. 2019 ஏப்ரல்ல நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், இந்துத் திருமணச் சட்டத்துல 'மணமகள்'ங்கிற சொல் திருநங்கையையும் குறிக்கும்னு சொல்லி, கல்யாணத்தைப் பதியச் சொன்னார். ஒரே பாலினத்தவர் கல்யாணம் வேற வழக்கு. அதுக்கு இந்திய உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 17-ல அங்கீகாரம் தரல, நாடாளுமன்றம்தான் முடிவு பண்ணணும்னு விட்டுடுச்சு.

அந்தத் தூத்துக்குடி ஜோடி ஒரு பதிவுத் தாளுக்காகக் கோர்ட்டு வரைக்கும் போனாங்க. நமக்கு அந்தக் கதவு திறந்தே இருக்கு, நாமதான் போகாம இருக்கோம். இதுல கல்யாணத்தை மதிக்கிறது யாரு?

ஒரே பாலினக் கல்யாணம் கூடாதுன்னு நினைக்கிறவங்க நம்மள்ல நிறைய பேர். அவங்களோட சண்டை போட நாங்க வரல. அடுத்தவனை அளக்கிற படியில நம்ம வீட்டையும் அளக்கணும், அவ்வளவுதான் கேக்குறோம்.

கோயில் நிர்வாகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். கல்யாணத்துக்கு மண்டபம் கேட்டு வர்றவங்ககிட்ட, தேதி குறிக்கிறதுக்கு முன்னால பதிவு ஏற்பாடு ஆச்சான்னு கேளுங்க. சில கோயில்ல உதவிப் பதிவாளரே இருக்கார். உங்க வீட்டுல பதியாத கல்யாணம் இருந்தா, இந்த வாரமே ஜேபிஎன் போய் விசாரிங்க. பிள்ளைங்க பேருல புண்ணியம்.

முருகா சரணம்.