ஆறாம் இலக்க மெத்ரோவும் சில சுவர்களும்

பாரிஸின் ஆறாம் இலக்க மெத்ரோ கிட்டத்தட்டப் பாதித் தூரம் நிலத்துக்கு மேலேதான் ஓடுகிறது. பிளாஸ் திதாலியைத் தாண்டிக் கிழக்கே திரும்பினால் மாடிக் குடியிருப்புகளின் மொட்டைச் சுவர்கள் முழுக்க ஓவியங்கள். நீலப் பூனையொன்று கூரையளவுக்கு உட்கார்ந்திருக்கும். சி215 என்ற புனைபெயர்க்காரர் வரைந்தது. 13ஆம் வட்டார நகரசபை முறைப்படி அனுமதி கொடுத்து வளர்த்த சுவர்கள் இவை. இன்று உல்லாசப் பயணிகள் இதற்கென்றே ரிக்கெற் எடுத்துக் கதவோரம் கமராவோடு நிற்கிறார்கள்.

நான் அகதியாகப் பாரிஸுக்கு வந்த காலத்தில் இந்த வழியால் நடுச்சாமத்தில்தான் போய்வந்தேன், கோப்பை கழுவின கையோடு. அகதி வழக்கு முடியும்வரை தெருவில் காரணமில்லாமல் நிற்கும் பழக்கம் எங்களில் ஒருவருக்கும் இல்லை. நின்றால் பொலிஸ் பேப்பர் கேட்கும். அப்போது சுவரில் நான் வாசித்தது, நகரம் முழுக்க அச்சுவார்த்ததுபோல் எழுதியிருக்கும் ஒரே அறிவித்தலைத்தான்: நோட்டீஸ் ஒட்டத் தடை, 1881 ஜூலை 29 சட்டம். தமிழர் கூடும் லாச்சப்பல் பக்கம் அதன் கீழேயே எங்கள் ஆட்கள் இசை நிகழ்ச்சி நோட்டீசையும் கண்ணீர் அஞ்சலியையும் ஒட்டியிருப்பார்கள். சுவருக்கு முன்னால் ஆறுதலாக நின்று படமெடுப்பது பத்து வருட வதிவிட கார்ட் கையில் இருப்பவன் செய்கிற வேலை. அது கிடைத்த பிறகுதான் இந்த ஊரை நான் தலை நிமிர்த்திப் பார்த்தேன்.

பெரிய சுவரோவியங்களைவிட எனக்கு முழங்கால் உயரத்தில், கதவு மூலையில் இருக்கும் சின்னவைகளில்தான் ஆசை. பூத் ஒ காய் மேட்டில் ஏறினால் மிஸ்திக் என்ற ஓவியர் வரைந்த பெண்கள் இருப்பார்கள்: கறுத்த முடி, நேரான பார்வை, பக்கத்தில் குத்தலாக ஒரு வரி. தகட்டில் வெட்டிய அச்சை வைத்து மை விசிறும் வேலை. மிஸ்திக் மொன்மார்த்ரில் பிறந்தவர், தகப்பன் துனீசியாவிலிருந்து வந்தவர். 1985இல் சுவருக்கு வந்தார். 1997இல் பொலிஸ் பிடித்தது, வழக்கு நடந்தது, தண்டம் விழுந்தது. அதன்பிறகு சுவர்க்காரரிடம் கேட்டே வரைந்தார். 2011இல் மகளிர் தினத்துக்கு அவருக்குத் தண்டம் போட்ட அதே நாட்டின் தபால் துறை அவருடைய படங்களை முத்திரையாக வெளியிட்டது. 2022 மே மாதம் இறந்துபோனார். அவர் படங்கள் இப்போது மங்கிக்கொண்டு வருகின்றன. சிலவற்றுக்கு மேல் வேறு யாரோ கிறுக்கிவிட்டார்கள். அதையும் சேர்த்தே படமெடுக்கிறேன். குப்பைத் தொட்டியையும் சாத்திவைத்த சைக்கிளையும் ஒதுக்கிவிட்டு ஓவியத்தை மட்டும் வெட்டி எடுப்பவர்களுக்கு மியூசியம் போதுமே!

நாசியோனால் தரிப்புக்குக் கிட்ட ஷெப்பர்ட் ஃபேரி என்ற ஓவியரின் மரியான், பிரெஞ்சுக் குடியரசின் பெண்ணுருவம், இருக்கிறாள். பாரிஸில் நடந்த 2015 நவம்பர் தாக்குதல்களுக்குப் பிறகு வரைந்தது. குடியரசின் மூன்று சொற்களும் முகத்தைச் சுற்றி இருக்கும். இதே ஓவியத்தின் பிரதியொன்று ஜனாதிபதி மக்ரோனின் அலுவலகத்திலும் தொங்கியது. 2020 டிசம்பரில் சிலர் இரவோடு வந்து அந்தச் சொற்களை வெள்ளையால் அழித்து, கண்களிலிருந்து சிவப்புக் கண்ணீர் வழியவிட்டுப் போனார்கள். ஓவியர் பிறகு அதைச் சரிசெய்தார். ஆனால் ஒரு துளிக் கண்ணீரை மட்டும் நீலத்தில் வரைந்து வைத்தார். முதலில் இருந்த முகம் எனக்கு அரசாங்கப் போஸ்ரர் மாதிரித்தான் தெரிந்தது. இப்போதைய முகத்தை நம்பலாம்.

அழியும் என்று தெரிந்தே வரைகிறவர்களும் உண்டு. 2013 ஒக்டோபரில் இடிக்கவிருந்த குடியிருப்பொன்றை நூற்றுக்கு மேற்பட்ட கலைஞர்கள் உள்ளும் புறமும் வரைந்து நிரப்பினார்கள். ஒரு மாதம்தான் திறந்திருந்தது, மணிக்கணக்கில் கியூ. அடுத்த வருடம் கட்டடம் போய்விட்டது, படங்கள்தான் மிச்சம். ஓபர்காம்ப் தெருவில் ஒரு விளம்பரப் பலகைச் சுவர் இருக்கிறது. இரண்டு கிழமைக்கொரு தடவை புது ஆள் வந்து பழையதன் மேலேயே வரைவார். அவ்வழியால் போனால் எனக்கு வேலைக்குப் பிந்தும்.

மகனுக்கு இன்வேடர் பைத்தியம். பழைய வீடியோ விளையாட்டில் வரும் வேற்றுக்கிரகப் பூச்சிகளைச் சின்னச் சின்ன ஓடுகளால் 1998இலிருந்து ஒட்டிவருபவர். பாரிஸில் மட்டும் 1,500ஐத் தாண்டிவிட்டது. அவற்றை அதற்கான ஃபோன் செயலியில் படம்பிடித்தால் புள்ளி விழும். "அப்பா, மேல பாருங்கோ, மூலையில!" என்று நடுத்தெருவில் மறிப்பான். நான் மெத்ரோப் பேரை வைத்து ஊரைப் படித்தேன், அவன் இந்தப் பூச்சிகளை வைத்துப் படிக்கிறான்.

இந்தக் கட்டுரைக்குப் படம் அனுப்பவில்லை. பொது இடத்தில் நிரந்தரமாக நிற்கும் கட்டடங்களையும் சிலைகளையும் தனிமனிதர்கள் இலாபநோக்கில்லாமல் படமாக வெளியிடலாம் என்று 2016இல் சட்டம் விட்டுக்கொடுத்தது. சுவரோவியம் அதில் சேராது. பத்திரிகையில் போட வரைந்தவரைக் கேட்க வேண்டும். வரைந்தவரோ பல வேளைகளில் யாரையும் கேட்காமல் முகத்தை மூடிக்கொண்டு வந்து போனவர். மகனுக்கு இதை விளங்கப்படுத்தினேன்.

"அப்ப அவருக்கு எந்த விலாசத்துக்கு எழுதுவீங்கள்?" என்றான்.