அரையிலேயே நின்ற முள்

கோல சிலாங்கூர் என்றாலே மின்மினிப் பூச்சிதான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். சாயங்காலம் புக்கிட் மெலாவத்தியில் குரங்குகளோடு படம் எடுத்து, இருட்டியதும் கம்போங் குவாந்தானில் படகேறி, மீன் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறோம். ஈஜோக்கிலோ புக்கிட் ரோத்தானிலோ உள்பக்கமாகத் திரும்பிப் பார்த்தவர்கள் குறைவு. திரும்பினால் செம்பனை, அதன் பின்னால் செம்பனை, நடுவில் ஒரு மாரியம்மன் கோயில், மூடிக்கிடக்கும் பழைய லயம், மறுபடியும் செம்பனை.

பெஸ்தாரி ஜெயாவை அங்குள்ள பெரியவர்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்கிறார்கள். பெயர் மாறியது 2007இல். அந்த வட்டாரத்தில்தான் தென்னமரம் தோட்டம் இருக்கிறது. இந்த நாட்டில் வணிகத்துக்காக முதன்முதலில் செம்பனை நடப்பட்டது அங்கேதான், 1917இல். நட்டவர் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். பின்னாளில் மலாயாவை வைத்து நாவல் எழுதி, 1930இல் கோன்கூர் பரிசும் வாங்கினார். செம்பனைக்குத் தாய்வீடான தோட்டத்துக்குத் தென்னமரம் என்று பெயர் இருப்பதே ஒரு வேடிக்கை. "நாட்டுக்கே எண்ணெய் குடுத்த இடம் மாப்ளே. காருக்கு எண்ணெய் போடணும்னா மட்டும் டவுனுக்குப் போகணும்" என்பார் மாமா.

மாமாவிடம் இருப்பது எழுபதுகளில் வந்த டட்சுன் 120 ஒய். 1171 சிசி இன்ஜின். அந்தக் காலத்தில் மலேசியச் சாலைகளில் இந்தக் கார் இல்லாத ஊரே இல்லை. தோட்டத்தில் யாருக்காவது பிரசவ வலி கண்டால், பாம்பு கடித்தால், ராத்திரியில் வந்து கதவைத் தட்டுவது கார் வைத்திருப்பவர் வீட்டைத்தான். மாமா வீட்டுக் கதவும் அப்படித் தட்டப்பட்ட கதவு. தோட்டத்தை விட்டு வெளியே வந்து வருடங்கள் ஆகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. பிள்ளைகள் எல்லாம் ஷா ஆலமிலும் கோலாலம்பூரிலும் இருக்க, தனியாக இருக்கும் நான்கைந்து கிழவர் கிழவிகளை தஞ்சோங் காராங் மருத்துவமனைக்கு அழைத்துப் போய் வருவது இன்றும் அவர்தான்.

அந்தக் காரில் எண்ணெய் மீட்டர் முள் எப்போதும் அரையிலேயே நின்றது. முழுக்க நிரப்பினாலும் அரைதான், வற்றினாலும் அரைதான். எப்போதும் காலி என்று காட்டும் மீட்டரால் பெரிய ஆபத்தில்லை. பயந்துபோய் அடிக்கடி எண்ணெய் போட்டுக்கொள்வோம். இருப்பதாகச் சொல்லி ஏமாற்றும் மீட்டர்தான் மோசம். பின் சீட்டில் இனிப்புநீர்க்காரப் பாட்டி, பொழுது சாய்கிற நேரம், கைப்பேசிக்குக் கோடு கிடைக்காத செம்பனைச் சாலை. அங்கே கார் நின்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

முன்பு ஒரு பட்டறையில் டேஷ்போர்டைப் பிரித்து மீட்டரையே மாற்றியிருக்கிறார்கள். பழைய காரிலிருந்து கழற்றிய சாமான், விலையும் குறைவில்லை. புது முள்ளும் அதே அரையில் வந்து நின்றது. அதற்குப் பிறகு மாமா குச்சி விட்டு அளந்து பார்க்க ஆரம்பித்துவிட்டார். அதிலும் தப்பில்லை. பழைய வோக்ஸ்வேகன் பீட்டில் கார்களில் எண்ணெய் மீட்டரே கிடையாது. இன்ஜின் இருமினால் காலருகே இருக்கும் திருகைத் திருப்பி, மிச்சம் வைத்த எண்ணெயில் ஓட்டிப் போக வேண்டியதுதான். 1962 மாடலில்தான் அதற்கு மீட்டர் வந்தது.

புக்கிட் ரோத்தான் பக்கம் ஒரு மெக்கானிக் அண்ணன், மரத்தடியில் வைத்து இந்தக் காரைப் பார்த்த விதம் எனக்குப் பிடித்திருந்தது. எதையும் கழற்றுவதற்கு முன் கேள்விதான் கேட்டார். "ஐயா, சூட்டு மீட்டர் சரியா காட்டுதா?" சரியாகத்தான் காட்டுகிறது என்றார் மாமா. அந்தக் காலத்துக் கார்கள் பலவற்றில் இரண்டு மீட்டருக்கும் மின்சாரத்தைச் சீராக அனுப்புவது ஒரே சின்னப் பெட்டிதான். அது கெட்டால் இரண்டு முள்ளும் சேர்ந்தே தப்பாகக் காட்டும். ஒன்று மட்டும் பொய் சொன்னால் அந்தப் பெட்டியின் மேல் சந்தேகப்பட வேண்டாம்.

அடுத்து, சாவியை அணைத்துவிட்டு, தொட்டியிலிருந்து மீட்டருக்குப் போகும் வயரைக் கழற்றினார். அதன் நுனியைக் காரின் இரும்பு உடம்போடு இணைத்துவிட்டுச் சாவியைத் திருப்பச் சொன்னார். முள் மெல்ல மெல்ல ஏறி 'எஃப்' வரை போனது. உள்ளே ஓர் உலோகத் தகடு சூடேறி வளைந்துதான் முள்ளைத் தள்ளுகிறது, அதனால்தான் அந்த நிதானம். போனதும் உடனே அணைக்கச் சொன்னார். வயரை எதையும் தொடாமல் விட்டுப் பார்த்தபோது முள் 'இ'யில் இறங்கியது. மீட்டரும் நல்லது, வயரும் நல்லது, கோளாறு தொட்டிக்குள்ளே என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. (சில பழைய பிரிட்டிஷ் கார்களில் இது தலைகீழ். வயர் உடம்பில் பட்டால் காலி, விலகினால் நிறைவு. மோரிஸ் மைனர் வைத்திருப்பவர்கள் முதலில் அதை விசாரித்துக்கொள்ளுங்கள்.)

தொட்டிக்குள் ஒரு மிதவை, அதைத் தாங்கும் கம்பி, கம்பியின் மறுமுனையில் மெல்லிய மின்தடைச் சுருள். எண்ணெய் ஏற ஏற மிதவையும் ஏறும், கம்பி சுருளின் மேல் நகரும், மின்தடை மாறும். மிதவையில் ஓட்டை விழுந்தால் அது மூழ்கி முள் எப்போதும் காலி காட்டும். எர்த் வயரில் துரு பிடித்தால் இருப்பதைவிடக் குறைவாகக் காட்டும். அதைச் சுரண்டிச் சுத்தம் செய்தாலே போதும், காசே செலவாகாது. சுருள் ஓரிடத்தில் தேய்ந்திருந்தால் முள் அந்த இடத்தில் மட்டும் குதிக்கும்.

மாமாவின் காரில் இவை எதுவும் இல்லை. தோட்டத்தைக் காலி செய்த சமயத்தில், அரைத் தொட்டி எண்ணெயோடு இந்தக் கார் கொட்டகையில் சில வருடம் அசையாமல் கிடந்திருக்கிறது. கம்பியின் மூட்டில் துரு ஏறி, மிதவை அந்த அரை மட்டத்திலேயே இறுகிவிட்டது. ஐம்பது வருடக் காரில் இதற்குக் கம்பெனியைக் குறை சொல்ல முடியாது. கார் கடைசியாக நின்ற நாளைத்தான் அந்த முள் இத்தனை காலம் காட்டிக்கொண்டிருந்தது. மாமா அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை.

தொட்டியைத் திறக்கும் வேலையை நீங்களே வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். பேட்டரியைக் கழற்றி, காற்றோட்டமான இடத்தில், பக்கத்தில் சிகரெட்டோ அடுப்போ இல்லாமல் செய்கிற வேலை அது. எண்ணெய் நிறைந்த தொட்டியைவிட ஆவி நிறைந்த காலித் தொட்டிதான் பயங்கரம். அண்ணன் மூட்டைச் சுத்தம் செய்து, கம்பியை மேலும் கீழும் அசைத்து மல்டிமீட்டரில் எண் சீராக மாறுகிறதா என்று பார்த்து, புதிய கேஸ்கெட் வைத்து மூடினார். அடியில் படிந்திருந்த துருச் சேற்றையும் எடுத்துவிட்டார். எண்ணெய் வற்றும் வரை ஓட்டினால் அந்தச் சேறுதான் ஃபில்டரை அடைக்கும்.

பிறகு செய்ததுதான் எல்லாப் பழைய காருக்கும் உதவும். கிட்டத்தட்டக் காலியான தொட்டியில் ஐந்து ஐந்து லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் முள் நிற்கும் இடத்தைச் சின்ன அட்டையில் குறித்தோம். சமதரையில் நிறுத்திவிட்டுத்தான். வாய்க்கால் ஓரம் சாய்ந்து நிற்கும் காரில் மிதவையும் சாயும். முதல் ஐந்து லிட்டருக்கு முள் அசையவே இல்லை. அதனால் முள் 'இ'யைத் தொட்டாலும் அந்த ஐந்து லிட்டர் கையிருப்பு உண்டு. லிட்டருக்கு 10 கிலோமீட்டர் என்று குறைத்தே வைத்தாலும் 50 கிலோமீட்டர் ஓடும். பெஸ்தாரி ஜெயாவிலிருந்து தஞ்சோங் காராங் போய்ச் சேர அது போதும்.

அட்டை இப்போது டேஷ்போர்டில் ஒட்டியிருக்கிறது, மாமாவின் கையெழுத்தில். ஆனாலும் குச்சியை அவர் பூட்டிலிருந்து இன்னும் எடுக்கவில்லை.