அலெப்போவின் ஓராண்டுப் புண்

சிரியா தேசத்தில் அலெப்போ என்று ஒரு புராதன நகரம். குன்றின்மேல் கோட்டை; அதன் அருகே கூரை வேய்ந்த நீண்ட கடைத்தெருக்கள். ஆலிவ் எண்ணெயில் காய்ச்சும் சோப்புக்கு அந்த ஊர் பிரசித்தம். ஆனால் சகோதரிகளே, அவ்வூரின் பெயரைத் தாங்கிய ஒரு வியாதியும் உண்டு. அதுதான் 'அலெப்போக் கட்டி'!

முதலில் ஒரு சிறு பரு. அவ்வளவாக வலிக்காது. பிறகு பெருத்துப் புண்ணாகும். ஆறுவதற்கு ஏறக்குறைய ஒரு வருஷம் பிடிக்கும். ஆகவே ஊரார் அதை 'ஓராண்டுப் புண்' என்றார்கள். தழும்போ ஆயுள் பரியந்தம் போகாது. அங்கே வைத்தியம் பார்த்த அலெக்ஸாண்டர் ரஸ்ஸல், 1756-ல் வெளியிட்ட நூலில் இதை வர்ணித்திருக்கிறார்.

தண்ணீரால் வருகிறது என்று நெடுங்காலம் நம்பினார்கள். பாவம், தண்ணீர் என்ன செய்யும்? கொசுவைவிட மிகச் சிறிய மணல் ஈ, சத்தமே இல்லாமல் இரவில் கடித்து, லீஷ்மேனியா என்ற ஒட்டுண்ணியைத் தோலுக்குள் விட்டுவிடுகிறது.

பெண் குழந்தையின் கன்னத்தில் தழும்பு விழுந்தால் தாய் மனம் தாங்குமா? ஒரு முறை வந்தவர்களுக்குப் பெரும்பாலும் மறுபடி வராது. இதைக் கவனித்த மேற்காசிய மக்கள் சிலர், பிறர் புண்ணிலிருந்து எடுத்து, குழந்தையின் உடம்பில் உடை மறைக்கும் இடத்தில் தாங்களே புண்ணை வரவழைத்தார்கள். முகம் தப்பவேண்டுமே!

2012 முதல் 2016 வரை அலெப்போவில் போர் நடந்தது. வீடுகள் இடிந்தன, போர் ஆண்டுகளில் சிரியாவில் இந்நோய் பெருகிற்று. ஊசி மருந்து உண்டு. ஆனால் சாதாரண வலையின் கண்ணில் இந்த ஈ நுழைந்துவிடும். பூச்சிமருந்து தோய்த்த வலை வேண்டும்.

இன்றிரவு குழந்தையைக் கொசுவலைக்குள் கிடத்தும்போது, அந்தத் தாய்மாரையும் சற்று நினைத்துக்கொள்ளுங்கள்.