கல்லில் ஒரு குடும்பம்

இங்கிலாந்து தேசத்திலே ஹார்லோ என்றொரு நகரம் உண்டு. இரண்டாம் உலக யுத்தத்தில் குண்டு விழுந்து சிதைந்த இலண்டனில், இடுக்குச் சந்துகளில் நெருக்குண்டு கிடந்த ஜனங்களைக் குடியேற்றுதற்பொருட்டு 1947ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட புதுக் குடியிருப்பு அது. அங்கே 1956ஆம் ஆண்டு ஒரு கற்சிலையைத் திறந்து வைத்தார்கள். அரசனுடைய சிலையன்று, தளகர்த்தனுடையதும் அன்று. ஒரு தகப்பன், ஒரு தாய், இருவருக்கும் நடுவே ஒரு குழந்தை, அவ்வளவே. இன்னார் என்று பெயர் கூடக் கிடையாது. செதுக்கிய ஹென்றி மூர் என்பார் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகன்.

சிகாமட்டில் தோட்டக் கிராணி வேலை பார்க்கும் நமக்கு அச்சிலையின்பால் என்ன அக்கறை என்று அன்பர்கள் கேட்கலாம். சொல்லுகிறோம்.

பழைய செக்ரோல் புத்தகங்களை நாம் புரட்டிப் பார்த்ததுண்டு. பெயர், அதற்கு நேரே வேலை செய்த நாள், அதற்கு நேரே காசு. புருஷன் ஓரிடத்தில், மனைவி வேறிடத்தில். 1920களின் பிற்பகுதியில் மலாயாத் தோட்டங்கள் பலவற்றில் நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. ஆயாக் கொட்டகையில் கிடந்த பிள்ளையோ கணக்கிலேயே இல்லை. இம்மூவரும் ஒரே லயத்தில், ஒரே பானைச் சோற்றை உண்டவர்கள் என்பதை அக்கணக்கிலிருந்து எவராலும் அறிய முடியாது. துரைக்கு ஆள் வேண்டியிருந்தது, ஆளை எண்ணினார்கள். குடும்பத்தை எண்ண யாருக்கு அவசியம்?

சென்னைக் கடற்கரையிலே 1959ஆம் ஆண்டு முதல் நிற்கும் உழைப்பாளர் சிலையை நேயர்கள் அறிவர். தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் கைவண்ணம். நான்கு ஆண்கள் பாறையைப் புரட்டுகிறார்கள். காண்போரின் தோள் தினவெடுக்கும்! ஆயினும் பாறையைப் புரட்டிய பின் அவர்கள் எந்த வீட்டுக்குப் போனார்கள்?

ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயங்கள் பல இடிபட்டன. ஜனங்கள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தனர். அந்தத் தாமான் ஒன்றின் முகப்பிலே நம்மவர்க்கும் அப்படியொரு கல் வேண்டும் என்பதே நம் விண்ணப்பம். ஹார்லோவின் தாயும் தகப்பனும் அமர்ந்திருக்கிறார்கள். நம்மவர் எப்பொழுது சேர்ந்து அமர்ந்தார்கள்? விடியுமுன் பெரட்டு; பிறகு வெட்டுக்காடு; பால் வாளியை இறக்கிய பின்னும் அவளுக்கு அடுப்பு. விளக்கேற்றிய பிறகு லயத்து வாசலில் ஒரு நாழிகை, அவ்வளவுதான். அந்த நாழிகையில் யார் மடியில் பிள்ளை கிடந்தது, யார் கால் நீட்டி அமர்ந்தார் என்று சிற்பிக்கு எடுத்துச் சொல்லக்கூடிய கிழவர்களும் கிழவிகளும் இன்றைக்கும் நம்மிடையே இருக்கிறார்கள்.